பக்கத்து வீட்டு பிலிப்பினோ குடும்பங்களோடு எப்படிச் சேர்ந்து வேலை செய்வது? (ரொறன்ரோ)

பாத்தர்ஸ்ட்வாசி:
வணக்கம். நான் இருப்பது பாத்தர்ஸ்ட் - வில்சன் சந்திக்குக் கிட்ட, எல்லோரும் லிட்டில் மணிலா என்று சொல்கிற பகுதி. எங்கள் கட்டடத்தில் நிறைய பிலிப்பினோ குடும்பங்கள், அதிலும் புதிதாக வந்தவர்கள் அதிகம். குடியிருப்பாளர் குழுவில் நானும் இருக்கிறேன், இவர்களுக்கு ஏதாவது உருப்படியாகச் செய்ய வேண்டும் என்று ஆசை. ஆனால் வாரநாள் மாலையில் தகவல் கூட்டம் என்று வைத்தால் இரண்டு மூன்று பேர்தான் வருகிறார்கள். அதே ஆட்களை ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து லாபியில் பார்த்தால் அரை மணி நேரம் நின்று பிள்ளையின் பள்ளிக்கூடம், வேலை அனுமதி என்று கேள்வி மேல் கேள்வி கேட்கிறார்கள். நம்மவர்கள் வந்த காலத்தில் ஊர்ச்சங்கமும் பழைய மாணவர் சங்கமும் கைகொடுத்தன, அவர்கள் வந்த வழி வேறு என்பதால் அதே முறை சரிவருமா தெரியவில்லை. யாரைப் பிடிப்பது, எதிலிருந்து தொடங்குவது?

சுமதி_ஸ்கார்பரோ:
உங்கள் கேள்வியிலேயே பாதிப் பதில் இருக்கிறது தங்கச்சி, கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றுங்கள். நான் குடியேற்ற உதவி வேலையில் பல வருடங்கள் இருந்தவள். ரொறன்ரோ பிலிப்பினோக்களில் பெரும் பங்கு பெண்கள் வழியாக வந்தது. 1992இல் தொடங்கிய பராமரிப்பாளர் திட்டத்தில், அதாவது பிள்ளைகளையும் முதியோரையும் வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் எடுத்த திட்டத்தில், 24 மாதம் முதலாளி வீட்டிலேயே தங்கி வேலை செய்தால்தான் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்க முடிந்தது. வீட்டோடு தங்க வேண்டும் என்ற கட்டாயம் 2014 கடைசியில்தான் போனது. அந்தப் பெண்களுக்கு வெளியே வரக் கிடைத்தது வார இறுதிதான், அதனால் அவர்களுடைய வாழ்க்கையே தேவாலயத்தையும் ஞாயிறையும் சுற்றி அமைந்தது.

இதில் பலர் கவனிக்காத இடம், குடும்பம் மறுபடி சேருகிற நேரம். தாய் முதலில் ஹொங்கொங்கிலோ சிங்கப்பூரிலோ வேலை, அப்புறம் இங்கே 24 மாதம், அதன்மேல் விண்ணப்பம் முடியும்வரை காத்திருப்பு. பிள்ளை வளர்வது பாட்டியிடம். ஒரு தாய் மகனை விமான நிலையத்தில் கூட்டிவரக் குளிர் ஜாக்கெட் வாங்கிப் போயிருந்தார், வந்து நின்ற பையனுக்கு அதன் கை முழங்கைக்குக் கொஞ்சம் கீழேதான் வந்தது. வீடியோவில் தினமும் பார்த்த பிள்ளைதான், ஆனால் உயரம் தெரியவில்லை. அந்தப் பையன் பேசாமல் அறைக்குள் இருப்பான், தாய்க்கோ இரண்டு வேலை. பிலிப்பீன்ஸில் முன்பு பள்ளிப் படிப்பு 10 வருடம்தான், 2013இல் சட்டம் போட்டுத்தான் 12 ஆக்கினார்கள். அதனால் அங்கே ஹைஸ்கூல் முடித்த பிள்ளையை இங்கே திரும்ப ஹைஸ்கூலில் உட்கார வைத்தபோது அவமானப்பட்டுப் படிப்பை விட்டவர்களும் உண்டு. வந்து சில வருடமான இளைஞர்களைப் பிடித்து புதிதாக வந்த பிள்ளைகளோடு சேர்த்து விடுங்கள், அதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை. பள்ளிகளில் குடியேற்றப் பணியாளர்கள் வருவார்கள், அவர்களையும் கூப்பிடுங்கள்.

வின்னிபெக்_ரவி:
சுமதி அக்கா சொல்வது ரொறன்ரோவுக்குச் சரி. இங்கே வின்னிபெக்கில் கதை கொஞ்சம் வேறு. 1960களின் கடைசியிலேயே தையல் தொழிற்சாலைகளுக்கு ஆள் எடுத்தார்கள், பிறகு மாகாணமே குடியேறுவோரைத் தெரிவு செய்கிற மாகாண நியமனத் திட்டத்தில் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். உறவினர் இருந்தால் மாகாணமே புள்ளி கொடுத்ததால் ஒருவர் பின்னால் ஒருவர் வந்து ஊன்றிவிட்டார்கள். 1988இல் வின்னிபெக் நோர்த்தில் ரே பக்தாகன் நாடாளுமன்றத்துக்குத் தெரிவானார், பிலிப்பினோ கனடியரில் அவர்தான் முதல் ஆள். நீபாவா மாதிரிச் சின்ன ஊரில்கூட பன்றி இறைச்சித் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர்களால் பள்ளிக்கூடம் நிரம்பி வழிகிறது.

ஒரு எச்சரிக்கை. அவர்களுக்குள்ளும் சங்கங்கள் ஏராளம், ஊர்வாரியாக, மாகாணவாரியாக, தொழில்வாரியாக. ஒரு தலைவரைப் பிடித்தால் சமூகமே வந்துவிடும் என்று நினைக்காதீர்கள், சில நேரம் அவரைப் பார்த்தே மற்றவர்கள் வராமல் போவார்கள். கூடைப்பந்து லீக் நடத்துகிறவரையும், தேவாலயத்தில் சமையலுக்கு ஆள் திரட்டுகிற அம்மாவையும் தேடுங்கள், ஆளைக் கூட்டுவது அவர்கள்தான்.

செல்வா74:
சங்கங்களை அப்படி ஒதுக்க வேண்டாம் ரவி. ரொறன்ரோவின் பார்க்டேல் பகுதியில் கபபாயன் மையம் 1970களிலிருந்து இதே வேலையைச் செய்துவருகிறது, பிலிப்பினோக்களின் தகாலொக் மொழி பேசுகிற பணியாளர்களும் அங்கே உண்டு. பாத்தர்ஸ்ட்வாசி தனியாகத் தொடங்குவதற்கு முன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவதுதான் மரியாதை.

எனக்கு அக்கறை பணம் வாங்கும் ஏஜென்சிகள் பற்றித்தான். வேலை எடுத்துத் தருவதாக ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு, போதாக்குறைக்கு பாஸ்போர்ட்டையும் வைத்துக்கொள்கிறார்கள். ஒன்ராறியோவில் இரண்டுமே சட்டவிரோதம். முதலில் வீட்டுப் பராமரிப்பாளர்களுக்கு மட்டும் இருந்த அந்தச் சட்டம் 2015இல் எல்லா வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் வந்துவிட்டது, கட்டணம் கொடுத்துவிட்டவர்கள் மூன்றரை வருடத்துக்குள் முறைப்பாடு செய்யலாம். வேலை அனுமதி ஒரே முதலாளியோடு கட்டப்பட்டிருப்பதால் பயந்து வாயைத் திறக்கமாட்டார்கள். துன்புறுத்தப்படுகிற தொழிலாளர்களுக்கென்று 2019 ஜூனிலிருந்து வேறு முதலாளியிடம் போகவிடுகிற திறந்த வேலை அனுமதி இருக்கிறது, அதைப் பற்றிக் கேள்விப்படாதவர்களைத்தான் நான் அதிகம் சந்தித்தேன். இதை மேடையில் சொல்லாதீர்கள், யார் கை தூக்குகிறார்கள் என்று பார்ப்பார்களோ என்ற பயத்திலேயே எழுந்து போய்விடுவார்கள். பெயர் கேட்காமல், பக்கத்து அறையில் ஒரு சட்ட உதவி ஆளை உட்கார வையுங்கள்.

பாத்தர்ஸ்ட்வாசி:
எல்லோருக்கும் நன்றி. சரி, ஞாயிறு மதியம், பூசைக்குப் பிறகு, பிள்ளைகளுக்குத் தனி அறை. பார்க்டேலுக்கு நாளைக்கே போன் பண்ணுகிறேன். ஒரு சந்தேகம், இன்னும் வதிவிட உரிமை கிடைக்காதவர்களையும் கூப்பிடலாமா?

சுமதி_ஸ்கார்பரோ:
கட்டாயம் கூப்பிடுங்கள். மத்திய அரசு பணத்தில் நடக்கிற பல சேவைகளுக்கு தற்காலிக வேலை அனுமதிக்காரர்கள் தகுதி பெறுவதில்லை, வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். உங்கள் குழு அரசு நிதி வாங்காததால் அந்தத் தடை உங்களுக்கு இல்லை. துண்டறிக்கையில் 'எந்த அனுமதியில் இருந்தாலும் வரலாம், யாரும் கேட்கமாட்டோம்' என்று தகாலொக்கிலும் ஆங்கிலத்திலும் மேல்வரியிலேயே போட்டுவிடுங்கள். மொழிபெயர்ப்பை இணையத்தில் எடுக்காமல் உங்கள் லாபியில் நிற்கிற ஒருவரிடமே எழுதி வாங்குங்கள், அவரே பத்துப் பேரைக் கூட்டிவருவார்.