கேத்லீன் ஃபெரியர்: மேடையில் இரண்டே ஓபரா வேடம், எப்படி இவ்வளவு பேர்?

பழையரேடியோ கேட்டது:
போன வாரம் யூடியூப் தானாக ஒரு பாட்டைப் போட்டது. வாத்தியமே இல்லை, தனிக் குரல். அவ்வளவு கனம், பாடுவது பெண்தானா என்று முதலில் சந்தேகம். 1949 பதிவு, கேத்லீன் ஃபெரியர். தேடிப் பார்த்தால் மேடையில் நடித்த ஓபரா வேடம் இரண்டே இரண்டுதானாம், 41 வயதில் போய்விட்டாராம். அப்புறம் எப்படி இத்தனை கொண்டாட்டம்? மேடையில் எலும்பு உடைந்தும் பாடி முடித்தார் என்பது கட்டுக்கதையா?

சுருதிப்பெட்டி:
கட்டுக்கதை இல்லை சார். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

நீங்கள் கேட்டது கான்ட்ரால்டோ, பெண் குரல்களில் ஆகக் கீழே இருக்கிற வகை. ஓபரா என்ற பாட்டு நாடகத்தில் காதலி வேடமெல்லாம் சொப்ரானோவுக்கு, அதாவது ஆக மேலே இருக்கிற பெண் குரலுக்கு, போய்விடும். கான்ட்ரால்டோவுக்கு மிஞ்சுவது கிழவியும் சூனியக்காரியும்தான். ஆகவே இரண்டு வேடம் என்பதில் எனக்கு ஆச்சரியமில்லை. அதிலும் ஒன்று ஆண் வேடம்: இசையமைப்பாளர் க்ளுக்கின் ஆர்ஃபியோ, 1762ல் வியன்னாவில் காஸ்ட்ராட்டோ பாடகருக்காக (குரல் உடையாமலிருக்கச் சிறுவயதிலேயே விதை நீக்கப்பட்ட ஆண்) எழுதியது. மற்றது இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டனின் லுக்ரீஷியா, 1946ல் இங்கிலாந்தின் கிளைண்ட்போர்ன் ஓபரா அரங்கில். அதற்கு மூன்று வருடம் முன்பே, லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்தில் ஃபெரியர் ஹாண்டலின் மெசையா என்ற பக்தி இசைப் படைப்பைப் பாடியதை அந்த பெஞ்சமின் பிரிட்டன் கேட்டிருந்தார்.

பாட்டுக்கு வந்த வழிதான் வேடிக்கை. ஃபெரியர் இங்கிலாந்தின் லங்காஷயர்க்காரர். 14 வயதில் பள்ளியை விட்டுவிட்டு பிளாக்பர்ன் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலைக்குப் போனார். கைவசம் இருந்தது பியானோ. டெலிபோனில் மணி சொல்கிற குரலுக்கு ஆள் தேடியபோது இவரும் போய்ப் பார்த்தார், தேர்வாகவில்லை (தேர்ந்தெடுத்தவர்கள் பின்னால் என்ன நினைத்திருப்பார்களோ!). 1937ல் கார்லைல் இசைப் போட்டியில் பியானோவுக்குப் பெயர் கொடுத்தார். பாட்டுக்கும் சேர்ந்துவிடுவாயா, ஒரு ஷில்லிங் பந்தயம் என்றார் கணவர். சேர்ந்தார், இரண்டிலும் முதல் பரிசு. அப்போது வயது ஏறக்குறைய 25. யுத்த காலத்தில் தொழிற்சாலைகளில்கூடப் பாடியிருக்கிறார். 1942 கடைசியில்தான் லண்டனுக்கே குடிபோனார்.

இப்போது எலும்பு விஷயம். 1951ல் மார்பகப் புற்றுநோய், அறுவை சிகிச்சை. 1953 பிப்ரவரியில் லண்டனின் கோவன்ட் கார்டன் ஓபரா அரங்கில் அதே ஆர்ஃபியோ, இந்த முறை ஆங்கிலத்தில், ஆர்ஃபியஸ் என்ற பெயரில். வாத்தியக் குழுவை நடத்தியவர் ஜான் பார்பிரோலி. நான்கு இரவுகள் என்று திட்டம். முதல் இரவு அமோகம். 6ஆம் தேதி இரண்டாவது இரவு, நடுவில் தொடையெலும்பில் ஒரு துண்டு விட்டுப்போனது. காலை எடுத்து வைக்க முடியவில்லை. கூட நடித்தவர்கள் பக்கத்தில் வந்து தாங்கிக்கொள்கிற மாதிரி இடம் மாறி நின்றார்கள். மீதிப் பாட்டையெல்லாம் பாடி, திரை விழுந்தபின் கைதட்டலையும் வாங்கிக்கொண்ட பிறகுதான் ஆஸ்பத்திரி. பார்த்தவர்களில் பெரும்பாலோருக்கு ஒன்றும் தெரியாது. அதன்பின் அவர் மேடை ஏறவில்லை. அக்டோபர் 8ஆம் தேதி இறந்தார்.

மேல்காற்று:
சுருதிப்பெட்டி சொன்னது எல்லாம் சரி, ஆனால் ஓபராவோடு நின்றுவிட்டால் பாதிதான் கிடைக்கும். அவர் பேர் கச்சேரி மேடையில் எழுந்தது. பழையரேடியோ சார், இசையமைப்பாளர் மாலரின் 'பூமியின் பாடல்' கேளுங்கள், வாத்தியக் குழுவோடு இரண்டு பேர் பாடுகிற பாட்டுத் தொகுப்பு. 1911ல் அதை முதன்முதலில் அரங்கேற்றிய இசை நடத்துநர் புரூனோ வால்டரே 1947ல் முதல் எடின்பரோ விழாவில் இவரைப் பாட வைத்தார். கடைசிப் பாட்டு பிரிவைப் பற்றியது. முடிவில் 'எவிக்' என்ற ஒரே சொல் திரும்பத் திரும்ப வரும். என்றென்றும் என்று அர்த்தம். ஃபெரியருக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது, கடைசி எவிக்குகள் வரவே இல்லை. தொழில்காரி இப்படிச் செய்யலாமா என்று வால்டரிடம் போய் மன்னிப்புக் கேட்டார். நாங்களும் உங்களைப் போல் பெரிய கலைஞர்களாக இருந்திருந்தால் எல்லாருமே அழுதிருப்போம் என்றாராம் அவர்.

சுருதிப்பெட்டி:
உண்மைதான், அதை விட்டது என் தப்பு. 1952 மே மாதம் வியன்னாவில் டெக்கா இசைத்தட்டுக் கம்பெனிக்காக 'பூமியின் பாடலை' வால்டரோடு செய்த பதிவைத் தேடுங்கள் சார். நோய் தெரிந்த பிறகு பாடியது.

பழையரேடியோ:
இரண்டு பேருக்கும் நன்றி. நேற்று ராத்திரி கேட்டேன். முதல் பாட்டில் ஆண் குரல் வந்ததும் தப்பான பதிவோ என்று பயந்துவிட்டேன், மாற்றி மாற்றி வருவார்கள் என்று அப்புறம்தான் புரிந்தது. கடைசிப் பாட்டு அரை மணி நேரம் இழுக்கிறது, நடுவில் எழுந்து தண்ணீர் குடித்து வந்தேன், பொய் சொல்வானேன். ஆனால் அந்த எவிக் வந்தபோது விரல்விட்டு எண்ணிக்கொண்டே இருந்தேன். இந்தத் தடவை ஒன்றுகூட விடவில்லை அவர்.