மினியை விட்டுவிட்டுப் பெரிய செடானுக்கு மாறலாமா?

கேள்வி:
என்னிடம் 1960களைச் சேர்ந்த, 848 சிசி எஞ்சின் கொண்ட மினி ஒன்று நல்ல ஓட்டத்தில் இருக்கிறது. அன்றாடப் பயணத்துக்கு 2018 மாடல் டொயோட்டா கேம்ரி வாங்கலாமா என்று யோசிக்கிறேன். கேம்ரி சுகமாகத்தான் இருக்கிறது. ஆனால் மினியில் 60 கிலோமீட்டர் வேகத்தில் கிடைக்கும் விறுவிறுப்பு இதில் 100ஐத் தாண்டியும் கிடைக்கவில்லை. காரணம் அளவு மட்டும்தானா? மினியையே தினமும் ஓட்டினால் என்ன?

பதில் 1:
அளவு ஒரு பங்குதான். மினியை வடிவமைத்த அலெக் இஸிகோனிஸ் 1959இல் எஞ்சினைக் குறுக்குவாட்டில் திருப்பி, கியர்பாக்ஸை அதன் அடியிலேயே பொருத்தியதால்தான், சுமார் 3.05 மீட்டர் நீளத்துக்குள் நால்வர் உட்கார முடிந்தது. சுருள்வில்லுக்குப் பதிலாக ரப்பர் கூம்புகளும் வெறும் 10 அங்குலச் சக்கரங்களும் இருப்பதால், சாலையின் ஒவ்வொரு மேடுபள்ளமும் நேராக முதுகுத்தண்டுக்கு வந்து சேரும். தாழ்வான இருக்கை, எஞ்சின் இரைச்சல், கையசைவுக்கு உடனே திரும்பும் முன்சக்கரங்கள் எல்லாம் சேர்ந்து வேகத்தைப் பெரிதாக்கிக் காட்டுகின்றன. கேம்ரியோ இவற்றையெல்லாம் ஓட்டுநரை அண்டவிடாமல் தடுப்பதற்கென்றே வடிவமைக்கப்பட்ட வண்டி. 34 குதிரைத்திறனையும் 200ஐத் தாண்டிய குதிரைத்திறனையும் காகிதத்தில் ஒப்பிட்டால் இது விளங்காது.

பதில் 2:
உணர்வு இருக்கட்டும், எடையைப் பாருங்கள். மினி சுமார் 600 கிலோ, கேம்ரி சுமார் 1500 கிலோ. இரண்டும் நேருக்கு நேர் மோதினால், மினியின் வேகம் கேம்ரியினுடையதைப் போல இரண்டரை மடங்கு மாறும். அந்த அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ள மினியில் காற்றுப்பையும் இல்லை, திட்டமிட்டு நசுங்கும் முன்பகுதியும் இல்லை. மான்டே கார்லோ ராலியில் 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் வென்ற வண்டி என்ற பெருமை, பின்னால் வரும் லாரிக்குத் தெரியாது. நெடுஞ்சாலையில் தினமும் போக வேண்டியிருந்தால், தயங்காமல் கேம்ரியை வாங்குங்கள்.

கேள்வி கேட்டவர்:
நெடுஞ்சாலைப் பயணம் குறைவுதான். மழையில் மட்டும் மினி திணறி நின்றுவிடுகிறது. பழுதா, பிறவிக் குணமா?

பதில் 1:
பிறவிக் குணம்தான். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர் முன்கிரில்லுக்கு நேர் பின்னால் இருப்பதால் மழைநீர் அதன் மீதே தெறித்து, தீப்பொறி தவறிப்போகிறது. மூடியையும் பிளக் ஒயர்களையும் உலரத் துடைத்து, ரப்பர் உறை போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். மூடியில் மயிரிழை விரிசல் தென்பட்டால் அதை மாற்றிவிடுங்கள். இன்னொன்று: எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஒரே ஆயில் என்பதால் பற்சக்கரங்கள் அதைச் சீக்கிரமே நைத்துவிடும். ஆகவே சுமார் 5000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவதே நல்லது. கேம்ரியின் இடைவெளியை இதற்குப் பொருத்திப் பார்க்காதீர்கள். பின்சக்கரங்களைத் தாங்கும் சட்டகமான பின் சப்ஃபிரேமில் துரு ஏறியிருக்கிறதா என்பதையும் வண்டியைத் தூக்கி நிறுத்திப் பார்த்துவிட்டு, அதன் பிறகு தினசரி ஓட்டத்தைப் பற்றி முடிவு செய்யுங்கள்.