சைதாப்பேட்டை தனி ஊராக இருந்ததா? (வீடு பார்க்கிறேன், ஆற்றைப் பற்றியும் சொல்லுங்கள்)

கிண்டி_வேலைக்காரன்:
மேற்கு சைதாப்பேட்டையில் வாடகைக்கு வீடு பார்க்கிறேன். பஸ்ஸில் போகும்போது பார்த்த கோர்ட்டும் பாலமும்தான் இதுவரை எனக்கு சைதாப்பேட்டை. புரோக்கர் "இது தனி ஊர் சார், சிட்டி அப்புறம்தான் சேர்த்துக்கிச்சு" என்கிறார். நிஜமா, வாடகையை ஏற்றும் கதையா? ஆறு எவ்வளவு பக்கம் என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றுகிறார்.

பஜார்ரோடு_பேரன்:
அந்த விஷயத்தில் புரோக்கரை நம்பலாம். 1946இல்தான் சைதாப்பேட்டை சென்னை மாநகராட்சிக்குள் வந்தது. செங்கல்பட்டு மாவட்டத்தின் தலைமையிடமும் வெகுகாலம் இங்கேதான் இருந்தது. கலெக்டர் இங்கே உட்கார்ந்து அந்த மாவட்டத்தை ஆண்டார். 1968இல்தான் தலைமையிடம் காஞ்சிபுரத்துக்குப் போனது. கோர்ட், கிளைச் சிறை, தாலுகா ஆபீஸ் எல்லாம் ஏன் இப்படி நெருக்கியடித்து நிற்கின்றன என்று இப்போது புரியும்.

என் தாத்தா தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதிக் கொடுத்துப் பிழைத்தவர். பட்டா மாற்ற, வழக்குக்கு வாய்தா வாங்க என்று கிராமத்திலிருந்து வருகிறவர்கள் காலையிலேயே வந்து இறங்கிவிடுவார்களாம். அவர்களுக்கு முதலில் வயிறு நிறைய வேண்டும். இட்லி, தோசைக்குத் தொட்டுக்கொள்கிற சைதாப்பேட்டை வடகறி பேர் வாங்கியதற்கு அந்தப் பசிதான் காரணம் என்பது என் கட்சி. வீட்டில் யாரும் ஒத்துக்கொள்வதில்லை.

இதற்கெல்லாம் முன்னால் ஆறு. மவுண்ட் ரோடு அடையாற்றைக் கடக்கிற இடம் இது. கோஜா பெட்ரூஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வியாபாரி 1726இல் சொந்தப் பணத்தில் இங்கே பாலம் கட்டினார். மர்மலாங் பாலம் என்பார்கள். பரங்கிமலைப் படிக்கட்டும் அவர் கட்டியதுதான். இரண்டையும் பராமரிக்க உயிலிலும் பணம் ஒதுக்கினார். இப்போது நீங்கள் போவது அதற்குப் பதிலாக 1960களில் கட்டிய மறைமலை அடிகள் பாலத்தில். பழைய பாலத்தின் கல்வெட்டில் பாரசீகம், லத்தீன், ஆர்மீனியம் மூன்றும் உண்டு. தமிழ் இல்லை, என்ன செய்ய.

அப்புறம் இன்னொன்று. 1868இல் இங்கே ஒரு விவசாயப் பள்ளி ஆரம்பித்தார்கள். அது 1906இல் கோயம்புத்தூருக்குப் போய், இன்று வேளாண் பல்கலைக்கழகமாக நிற்கிறது. கோவை நண்பர்களிடம் சொல்லிப் பாருங்கள், ரசிக்க மாட்டார்கள்.

ஜோன்ஸ்ரோடு_அக்கா:
தம்பி, பெருமையெல்லாம் சரி. அவர் ஆற்றைப் பற்றிக் கேட்டார், நீங்கள் வடகறியில் இறங்கிவிட்டீர்கள். 2015 டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அடையாற்றில் விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறந்தார்கள். அது போதாதென்று நடுவில் பெய்த மழைத் தண்ணீரும் சேர்ந்தது. மறைமலை அடிகள் பாலத்தில் போக்குவரத்தையே நிறுத்தினார்கள். கரையோரக் குடிசைக்காரர்களில் நிறையப் பேரைத் தொலைவில் இருக்கிற பெரும்பாக்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள். இங்கே வீட்டு வேலை, மீன் கடை என்று இருந்தவர்கள் அங்கேயிருந்து எப்படி வந்து போவது? எங்கள் வீட்டில் வேலை பார்த்த அம்மா கொஞ்ச நாள் இரண்டு பஸ் மாறி வந்தார், அப்புறம் நின்றுவிட்டார். ஊர் குணம் பற்றிப் பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

வீடு பார்க்க வருபவருக்கு: தரைத்தளம் என்றால் மீட்டர் பெட்டி எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். தலைக்கு மேலே ஏற்றி மாட்டியிருந்தால் ஏன் என்று ஓனரைக் கேளுங்கள். அவர் முழிப்பதிலேயே பதில் தெரிந்துவிடும். பெரிய மழையில் அரங்கநாதன் சப்வேயை நம்பி தி.நகர் பக்கம் கிளம்பாதீர்கள்.

பஜார்ரோடு_பேரன்:
அக்கா சொல்வது சரி. கருணாநிதி 1969இல் முதலமைச்சரானபோது எங்கள் ஊர் எம்.எல்.ஏ. முதலமைச்சர் தொகுதியாக இருந்த ஊர்தான், ஆனாலும் ஆற்றங்கரை மட்டும் யாருக்கும் முகப்பாகத் தெரியவில்லை. காரணீஸ்வரர் கோயிலையும் குளத்தையும் காட்டுவோம், அடையாற்றை யாரும் கூட்டிப் போய்க் காட்ட மாட்டோம்.

கிண்டி_வேலைக்காரன்:
இன்று போய்ப் பார்த்தேன். மீட்டர் பெட்டி என் தலைக்கு மேலே. கேட்டதும் "பசங்க கை வைக்காம இருக்க" என்றார் ஓனர். அதே தெருவில் இரண்டாம் மாடி ஒன்று காலியாம், ஆயிரம் ரூபாய் கூட. அதற்கே அட்வான்ஸ் கொடுக்கப் போகிறேன். பேரன், அந்த வடகறி எந்த ஓட்டலில்?

ஜோன்ஸ்ரோடு_அக்கா:
மாரி ஓட்டல். காலையிலேயே போங்கள்.