ஊர் போனாலும் பேர் போகாத ரெய்பாஸ்: லாஹ்தி மைதானத்தில் கண்டதும் கேட்டதும்

லாஹ்திவாசி

ஃபின்லாந்தில் சின்ன கிளப்களின் மேட்ச் பார்க்கப் போய், எதிர்பாராத ஏதாவது ஒன்றில் மாட்டிக்கொண்டவர்கள் இருந்தால் எழுதுங்கள். முதலில் என் கதை.

பையனுக்கு ஏழு வயதானபோது கால்பந்தில் சேர்த்துவிடு என்று ஒரே அடம். லாஹ்தியில் எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போகிற தூரத்தில் எந்தக் கிளப் இருக்கிறது என்று பார்த்தேன், ரெய்பாஸ் இருந்தது. ஆரஞ்சும் கறுப்பும் கலந்த உடை. ரெய்பாஸ் என்றால் ஃபின்னிஷ் மொழியில் சுறுசுறுப்பான, துடிப்பான என்று பொருள். பிள்ளைகள் ஓடியாடுகிற கிளப்புக்குப் பொருத்தமான பெயர்தான் என்று நினைத்ததோடு சரி.

இங்கே பிள்ளையைக் கிளப்பில் சேர்த்தால் பெற்றோரும் சேர்ந்த மாதிரிதான். தல்கூத் என்று ஒரு வழக்கம் உண்டு. கூலி வாங்காமல் எல்லாரும் கூடி வேலையை முடிப்பது. என் பங்குக்கு விழுந்தது, பெரியவர்கள் அணியின் ஆட்டத்தன்று காபிக் கடையில் நிற்கும் வேலை. மே மாதம், ஆறு டிகிரி, சாய்வாக அடிக்கிற மழை. கீழ்ப் பிரிவு ஆட்டம் என்பதால் வந்திருந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதில் பாதிப் பேர் ஆடுகிறவர்களின் வீட்டார். காபி, பன், தகட்டில் உருளும் மக்கரா. மக்கரா என்பது தடிமனான சாசேஜ், மேலே கடுகுச் சாந்து ஊற்றிக் கொடுக்க வேண்டும். அந்தக் கடுகுக் குப்பியை எந்தப் பக்கம் அழுத்துவது என்று கற்றுக்கொள்ளவே எனக்கு அரை மணி நேரம் ஆனது.

இடைவேளையில் ஒரு பெரியவர் வந்தார். எண்பதைத் தாண்டியிருப்பார். காபி வாங்கிக்கொண்டு, கட்டிச் சர்க்கரை இருக்கிறதா என்றார். இல்லை, பொட்டலத்தில் தூள் சர்க்கரைதான் என்றேன். முகம் சுருங்கியது. பழைய ஆட்கள் சர்க்கரைக் கட்டியை முன்பல்லில் கடித்துக்கொண்டு அதன் வழியாகக் காபியை உறிஞ்சுவார்கள். தூளை வைத்து அதைச் செய்ய முடியாதே. வெறுங்காபியைக் குடித்துக்கொண்டே, நான் போட்டிருந்த கிளப் ஜாக்கெட்டின் முத்திரையை விரலால் தட்டி, “இது எந்த ஊர்க் கிளப், தெரியுமா?” என்று கேட்டார்.

லாஹ்தி என்றேன். இதில் என்ன கேள்வி!

“வீபுரி” என்றார்.

அன்று இரவு உட்கார்ந்து படித்தேன். ரெய்பாஸ் தொடங்கியது 1891இல், வீபுரி நகரத்தில். இன்று அது ரஷ்யாவில் இருக்கும் விபோர்க். போருக்கு முன் ஃபின்லாந்தின் பெரிய நகரங்களில் ஒன்றாக இருந்த ஊர். 1939 நவம்பர் 30இல் சோவியத் படை தாக்கியது. 1940 மார்ச்சில் போட்ட உடன்படிக்கையில் வீபுரி கைவிட்டுப் போனது. 1941இல் ஃபின்லாந்து திரும்பப் பிடித்தது. ஓடிப்போனவர்களில் பலர் ஊருக்குத் திரும்பி வீட்டைச் செப்பனிட்டுக் குடியேறினார்கள். 1944 ஜூனில் மறுபடியும் போனது, இந்தத் தடவை ஒரேயடியாக. வீபுரி இருந்த கரேலியாப் பகுதியிலிருந்து மொத்தம் நாலு லட்சத்துக்கும் மேலானவர்கள் கிளம்பி மேற்கே வந்தார்கள். நாட்டின் மக்கள்தொகையில் பத்தில் ஒரு பங்குக்கும் அதிகம். இப்படி வந்தவர்களுக்கு எவக்கோ என்று பெயர். லாஹ்தியில் நிறைய பேர் இறங்கினார்கள். ஆட்களோடு கடைகள் வந்தன, வீபுரியின் இசைக்குழு வந்தது (இன்றைய லாஹ்தி சிம்பொனியின் வேர்களில் அதுவும் ஒன்று), கால்பந்துக் கிளப்பும் வந்தது. மைதானத்தையா தூக்கிக்கொண்டு வர முடியும்? பெயரைக் கொண்டுவந்தார்கள்.

அந்தப் பெரியவர் 1944இல் மூன்று வயதுப் பிள்ளை. அன்று காபிக் கடையில் நின்றபடியே, “எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை. ஞாபகம் எல்லாம் அம்மாவுடையது” என்றார். அதற்குள் இரண்டாம் பாதி தொடங்கிவிட்டது, போய்விட்டார்.

ரயில்பயணி

லாஹ்திவாசி, நான் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தவன். ஹெல்சிங்கிக்கும் பீட்டர்ஸ்பர்க்குக்கும் நடுவே அல்லெக்ரோ ரயில் ஓடிக்கொண்டிருந்த காலம் (2010இல் தொடங்கியது, 2022 மார்ச்சில் நின்றுபோனது). விபோர்க்கில் இறங்கி ஒரு நாள் சுற்றினேன். கோட்டை பார்த்தேன், ஃபின்னிஷ் கட்டடக் கலைஞர் ஆல்வார் ஆல்டோ கட்டிய நூலகம் பார்த்தேன். 1935இல் திறந்தது, அலையலையாக மரக் கூரை போட்ட உரை அரங்கம் உள்ளே இருக்கிறது. பல வருடம் பாழாய்க் கிடந்து, 2013இல்தான் முழுசாகச் சீரமைத்து முடித்தார்கள்.

ரயிலில் எனக்கு எதிரே ஃபின்னிஷ் வயதானவர்கள் ஒரு கூட்டமாக வந்தார்கள். சொந்த ஊர் பார்க்கப் போகிற பயணம். பிளாஸ்கில் காபி, டப்பாவில் கரேலியப் பை. கம்பு மாவில் மெல்லிய அடை தட்டி, நடுவில் பால்சோறு வைத்து, ஓரத்தைக் கொசுவம் மாதிரி மடித்துச் சுடுவது. அதன்மேல் அவித்த முட்டையும் வெண்ணெயும் சேர்த்து மசித்துத் தடவுவார்கள். எனக்கும் ஒன்று கொடுத்தார்கள். ஒரு பாட்டி, தன் அப்பா ஞாயிற்றுக்கிழமை எங்கே மேட்ச் பார்க்கப் போவார் என்று பழைய வரைபடத்தில் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருந்தார். ரெய்பாஸா என்று கேட்டேன். எனக்கு அந்த ஒரு பெயர்தான் தெரியும். “சே, சுதெத்!” என்றார். சுதெத் என்றால் ஓநாய்கள். ஒரே ஊரில் அத்தனை கிளப் இருந்திருக்கிறது!

கோவோலாக்காரி

ஓநாய்களைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் அவை இப்போது எங்கள் ஊரில்தான். வீபுரியில் ரெய்பாஸுக்குச் சரியான பங்காளி சுதெத். 1940இல் ஃபின்லாந்து சாம்பியன். ஆண்டைக் கவனியுங்கள். மார்ச்சில் ஊர் போகிறது, அதே ஆண்டில் ஊரில்லாத அணி நாட்டின் பட்டத்தை வாங்குகிறது. போர் முடிந்தபின் கொஞ்ச காலம் ஹெல்சிங்கியில் இருந்துவிட்டு கோவோலாவுக்கு வந்தது. இப்போது கீழே எங்கேயோ ஆடுகிறது. நான் போன ஆட்டத்தில் பந்து வேலிக்கு வெளியே போய்விட்டது, மாற்று ஆட்டக்காரரே போய் எடுத்து வந்தார்.

மூன்றாவது ஒன்றும் உண்டு, இல்வெஸ்-கிஸ்ஸாத். அது தாம்பெரேக்குப் போனது. 1950இல் அதுவும் சாம்பியன். இதைப் படிக்கும்போது எனக்குத் தோன்றுவது: அகதியாக வந்த கிளப்களைப் பாவம் பார்த்து மூலையில் உட்காரவைக்கவில்லை, வந்த வேகத்தில் அவை ஊர்க்காரர்களை அடித்திருக்கின்றன. உள்ளூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் எரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

கூஸுசி வீட்டு மாப்பிள்ளை

எரிந்தது, இன்னும் எரிகிறது. என் மாமனார் லாஹ்திக்காரர், ஊரின் இன்னொரு அணியான கூஸுசியின் ரசிகர். அணியின் பழைய பெயர் லாஹ்தி-69. ஃபின்னிஷில் ஆறு கூசி, ஒன்பது பேச்சுவழக்கில் உசி, இரண்டையும் ஒட்டினால் கூஸுசி. பெயர் வைக்கிற லட்சணம்! ஆனால் எண்பதுகளில் இவர்கள்தான் ராஜா. 1982, 84, 86, 89, 91 என்று ஐந்து பட்டம். 1986 மார்ச்சில் ஐரோப்பியக் கோப்பைக் காலிறுதி. ருமேனியாவின் ஸ்தெவுவா புகாரெஸ்டை அவர்கள் ஊரிலேயே 0-0 என்று நிறுத்தினார்கள். ஹெல்சிங்கியில் நடந்த மறு ஆட்டத்தில், முடியச் சில நிமிடம் இருக்கும்போது ஒரே ஒரு கோல் வாங்கித் தோற்றார்கள். அந்த ஆண்டு கோப்பையை வென்றதே ஸ்தெவுவாதான். மாமனார் இந்தக் கதையைச் சொல்லும்போது குறுக்கே பேசக் கூடாது.

கல்யாணமான புதிதில், பேச்சுக்கு ஏதாவது வேண்டுமே என்று “ரெய்பாஸும் பெரிய அணியாமே, மாமா” என்று சொல்லித் தொலைத்தேன். மனிதர் எழுந்து போய் சவுனாவுக்கு விறகு பிளக்க ஆரம்பித்துவிட்டார். மாமியார்தான் விளக்கினார். ரெய்பாஸ் வீபுரிக்காரர்களுடைய அணி, எங்களுடையது லாஹ்தி அணி, அவ்வளவுதான் என்று. இதில் வேடிக்கை, மாமியாரின் அம்மா வீபுரியில் பிறந்தவர்.

1996இல் இரண்டையும் சேர்த்து எஃப்சி லாஹ்தி ஆக்கினார்கள். ஒரே ஊரில் இரண்டு அணிகளுக்குப் பணம் கட்டுப்படியாகாது என்பது எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. பழைய பெயர்கள் இரண்டும் பிள்ளைகள் பயிற்சியிலும் கீழ்ப் பிரிவுகளிலும் தங்கிவிட்டன. மாமனார் எஃப்சி லாஹ்தி மேட்சுக்கும் போவார், ஆனால் கோல் விழுந்தால் “கூஸுசி!” என்றுதான் கத்துவார்.

ரெய்பாஸ்காரர்களுக்கு ஒரு சின்னக் குத்து: 1976இல், உள்நாட்டுக் கோப்பை வென்ற அணிகளுக்கான ஐரோப்பியப் போட்டியில், பல்கேரியாவின் சோபியாவுக்குப் போய் லெவ்ஸ்கி அணியிடம் வாங்கியது 12-2. இரண்டு ஆட்டமும் சேர்த்து 19-3. மாமனார் பிறந்தநாளைக்கூட மறப்பார், இதை மறக்க மாட்டார்.

லாஹ்திவாசி

மாப்பிள்ளை, குத்து வாங்கிக்கொண்டேன். பதிலுக்கு ஒன்று: அந்தப் போட்டிக்குத் தகுதி பெற உள்நாட்டுக் கோப்பையை வெல்ல வேண்டும். ரெய்பாஸ் அதை 1972 முதல் 76 வரை தொடர்ந்து ஐந்து தடவை வென்றது. 1964, 78 சேர்த்து ஏழு. லீக் பட்டம் 1963, 67, 70. வீபுரியில் இருந்தவரை ஒரு லீக் பட்டம்கூட இல்லை, எல்லாம் லாஹ்திக்கு வந்தபின் வாங்கியது. அப்படியிருக்க அதை வீபுரி அணி என்பதா, லாஹ்தி அணி என்பதா? எவக்கோ வீட்டுப் பிள்ளைகள் வளர்ந்து ஆடி வாங்கிய பட்டங்கள் என்று சொன்னால் இரண்டு பக்கமும் சண்டைக்கு வராது என்று நினைக்கிறேன். வந்தாலும் வரலாம்.

பத்தாம்நம்பர்

இத்தனை எழுதியும் லித்மனென் பெயரை ஒருவரும் எடுக்கவில்லையே! நெதர்லாந்தின் அயாக்ஸ் அணியில் பத்தாம் எண் போட்டு 1995இல் சாம்பியன்ஸ் லீக் வென்ற யாரி லித்மனென் ரெய்பாஸ் வீட்டுப் பிள்ளை. அப்பா ஒலாவி ரெய்பாஸுக்கும் நாட்டுக்கும் ஆடியவர், அம்மாவும் ரெய்பாஸில் ஆடியவர். யாரி 1987இல், பதினாறு வயதில் முதல் அணிக்கு வந்தார்.

லாஹ்திக்கு வேலையாகப் போனபோது கிசாபுயிஸ்தோ மைதானத்தில் அவருடைய சிலையைத் தேடிப் போனேன். 1952 ஒலிம்பிக் கால்பந்து ஆட்டங்கள் சிலவும் அங்கே நடந்திருக்கின்றன. சிலைக்குக் கீழே இரண்டு பொடியன்கள் பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள். படம் எடுக்க வேண்டும், கொஞ்சம் நகருங்கள் என்றேன். ஒருவன் நகர்ந்தான். இன்னொருவன், “இது எங்கள் கோல் கம்பம், ஐந்து நிமிடம் பொறுங்கள்” என்றான். பொறுத்தேன். வேறென்ன செய்வது?

சிலை வைத்தது 2010 அக்டோபரில். அப்போது அவர் ஓய்வு பெறவில்லை, அதே ஊரில் எஃப்சி லாஹ்திக்கு ஆடிக்கொண்டிருந்தார். அடுத்த மாதம் சான் மரினோவுக்கு எதிராக, முப்பத்தொன்பது வயதில் நாட்டுக்காக ஒரு கோலும் போட்டார். தன் சிலையைத் தாண்டிப் பயிற்சிக்குப் போவது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். எனக்கென்றால் சுற்றுவழியில் போயிருப்பேன்.

புதுசு

ஒரு சந்தேகம். ரெய்பாஸ் மாதிரி அணிகள் எந்தப் பிரிவு என்று யாராவது சொன்னால் கக்கோனென், கோல்மோனென் என்கிறார்கள். கக்கோனென் என்றால் இரண்டாவதுதானே? அப்படியானால் கீழ்ப் பிரிவு என்று ஏன் சொல்கிறீர்கள்?

கோவோலாக்காரி

எல்லாரும் விழுகிற குழி இது. பெயரில் எண் இருக்கும், நம்பாதீர்கள். உச்சியில் வெய்க்காவுஸ்லீகா, அதற்கு எண் கிடையாது. முன்பு அதன் கீழே யுக்கோனென், அதாவது ஒன்று. ஆக ஒன்று என்பதே இரண்டாம் நிலை. 2024இல் நடுவே யுக்கோஸ்லீகா என்று புதிதாக ஒரு படியைச் செருகினார்கள். அதனால் இப்போது ஒன்று மூன்றாம் நிலை, இரண்டு நான்காம் நிலை, மூன்று ஐந்தாம் நிலை. எதுவும் செய்யாமலே எல்லாரும் ஒரு படி இறங்கிவிட்டார்கள்.

லாஹ்திவாசி

சரி, அந்தப் பெரியவர் என்ன ஆனார் என்று தனியாகச் சிலர் கேட்டிருக்கிறீர்கள்.

அடுத்த தல்கூத் முறை மூன்று வாரம் கழித்து வந்தது. கடையில் ஒரு பெட்டி கட்டிச் சர்க்கரை வாங்கி, காபிக் குடுவைக்குப் பின்னால் வைத்திருந்தேன். பக்கத்தில் நின்ற அம்மா, இதை யார் கேட்கப் போகிறார்கள் என்றார். முதல் பாதி முடிந்தது, ஆளைக் காணோம். இரண்டாம் பாதியில் பாதி போனபின் வந்தார், பஸ்ஸைத் தவறவிட்டாராம். பெட்டியைத் திறந்து நீட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு கட்டி எடுத்தார். ஒன்றைப் பல்லில் வைத்தார், மற்றதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். 1963இல் பட்டம் வாங்கிய அணியைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். அப்போது இருபத்திரண்டு வயது, பார்க்காமல் இருப்பேனா என்றார். நானும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

அவர் சர்க்கரை வழியாக ஒரு மிடறு உறிஞ்சிவிட்டு மைதானத்தைப் பார்த்தார். நம் இடது பின்காப்பாளர் அப்போதுதான் பந்தை நேராக எதிரியின் காலில் கொடுத்திருந்தார்.

“அந்த அணியில் இவன் தண்ணீர் பாட்டில் தூக்கக்கூட லாயக்கில்லை” என்று சொல்லிவிட்டு, அந்தப் பையனைத் திட்டுவதற்கு வசதியாக வேலியோரம் போய் நின்றுகொண்டார்.