ஓட்டமும் நடையுமாக ஒரு சாலைப் பந்தயம்: வழியில் சந்தித்தவர்கள் – நால்வர் எழுதியவை

மயிலாப்பூர், சென்னை

நேப்பியர் பாலத்தருகே தொடங்கி, காமராஜர் சாலை வழியாகச் சாந்தோம் பக்கம் சென்று திரும்பும் பத்துக் கிலோமீட்டர் ஓட்டத்தில் கடந்த ஜனவரியில் கலந்துகொண்டேன். மூன்று நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்பது நான் வீட்டிலேயே முடிவு செய்து கைக்கடிகாரத்தில் பதிந்துகொண்ட கணக்கு. ஓடும்போது கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 45 விநாடி, விரைந்து நடக்கும்போது 11 நிமிடம் என்று வைத்துக்கொண்டால், நான்கு நிமிடச் சுற்று ஒன்றில் ஏறத்தாழ 535 மீட்டர் கடக்கலாம். சராசரியாகக் கிலோமீட்டருக்கு 7 நிமிடம் 28 விநாடி ஆகும். பத்துக் கிலோமீட்டரும் 75 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஐம்பதைத் தாண்டிய, முழங்காலைப் பற்றி அவ்வப்போது யோசிக்க வேண்டியுள்ள எனக்கு இந்த நேரம் தாராளம்.

இந்த முறையில் கடினமான பகுதி எது என்று கேட்டால், முதல் நடையைத்தான் சொல்வேன். உடம்பில் வேர்வைகூட அரும்பியிராது. பின்னால் பெருங்கூட்டம் வந்துகொண்டிருக்கும். அந்த நிலையில் கடிகாரம் அதிர்ந்தவுடன் இடப்பக்கம் ஒதுங்கி நடக்கத் தொடங்க வேண்டும். களைத்த பிறகு நடந்தால் பயன் குறைவு. தொடையும் கெண்டைக்காலும் தளராமல் இருக்கும்போதே அவற்றுக்கு இடைவெளி கொடுப்பதுதான் இம்முறையின் அடிப்படை என்பது எனக்குத் தெரியும். ஆனால் என்னைத் தாண்டிச் செல்பவர்களுக்கு அது தெரியாதே. கல்லூரி மாணவர் ஒருவர் வேகத்தைக் குறைத்து அருகில் வந்து, "அங்கிள், கால் பிடிச்சுக்கிச்சா? ஆம்புலன்ஸ் அங்கேதான் நிக்குது" என்று கையைக் காட்டினார். இது திட்டமிட்ட நடைதான் என்று நான் சொன்னதை அவர் நம்பியதாகத் தெரியவில்லை. இரண்டாம் நடையின்போது, குறுக்குச் சாலை ஒன்றில் வண்டிகளை நிறுத்தி வைத்திருந்த காவலர், "நடக்கிறதா இருந்தா பிளாட்பாரத்துல நடங்க சார், வண்டியை விடணும்" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. இருட்டு விலகுவதற்கு வெகுநேரம் முன்பிருந்தே அங்கு நின்றுகொண்டிருந்திருப்பார்.

விவேகானந்தர் இல்லத்தை நெருங்கும்போதுதான் அந்த அம்மையாரைக் கவனித்தேன். சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகி, பந்தயத்துக்கென்று கொடுத்த டி-சர்ட்டை அதன் மேல் அணிந்து, பிப் எண்ணை, அதாவது பந்தய எண் அச்சிட்ட தாளை, நான்கு மூலையிலும் ஊக்குக் குத்தியிருந்தார். காலில் நன்றாகப் பழகிய ஓட்டக் காலணி. ஏற்ற இறக்கம் சிறிதுமில்லாத மெல்லோட்டம். நான் ஓடும்போது அவரைத் தாண்டுவேன். நடக்கும்போது அவர் என்னைத் தாண்டுவார். எனவே எங்கள் உரையாடல் தவணை முறையில் நடந்தது. முதல் தவணையில், கையில் ஏதோ கூவிக்கொண்டே இருக்கிறதே, அது என்ன என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அடுத்த ஓட்டத்தில் அவரை எட்டிப் பிடித்து விடை சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கலங்கரை விளக்கம் தாண்டி மீண்டும் நான் நடக்கும்போது பக்கத்தில் வந்து, "அப்போ நாலில் ஒரு பங்கு நேரம் நடக்கிறே. ஓடும்போது என்னைவிட நாற்பது மீட்டர் முன்னாடி போறே, நடக்கும்போது அந்த நாற்பதையும் நான் வாங்கிடறேன். கணக்கு சரியா, தம்பி?" என்றார். திருவல்லிக்கேணியில் கணித ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவராம். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தேன். அவர் ஓடிக்கொண்டே மனத்தில் போட்ட கணக்கு மூன்று மீட்டர்தான் பிசகியிருந்தது.

திரும்பும் வழியில் சாந்தோம் நெடுஞ்சாலையின் இறுக்கத்தில் காற்றே இல்லை. சென்னையில் ஜனவரி விடியலிலும் ஈரப்பதம் மிகுந்திருப்பதால் வேர்வை ஆவியாவதில்லை. உடல் சூடு இறங்க மறுக்கிறது. அங்குதான் நடையின் பயனை உணர்ந்தேன். ஒவ்வொரு நிமிட நடையிலும் மூச்சு தணிந்து, அடுத்த ஓட்டத்தைத் தொடங்கும்போது முந்தைய வேகம் அப்படியே கிடைத்தது. டீச்சருக்கு அந்த உதவியும் தேவைப்படவில்லை. கடைசி அரைக் கிலோமீட்டரில் நடையை விட்டுவிட்டு ஓடி முடித்தேன். சற்று நேரத்தில் அவரும் வந்து சேர்ந்தார். பொங்கல் தட்டை வாங்கிக்கொண்டு நின்றபோது, அவரும் இம்முறையை முயன்று பார்க்கலாமே என்றேன். "நின்னா எனக்கு மறுபடி கிளம்ப மனசு வராது. நீ உன் கணக்குப்படி வா, நான் என் கணக்குப்படி வர்றேன்" என்று சொல்லிவிட்டார்.


கோயம்புத்தூர்

மயிலாப்பூர்க்காரர் சொன்ன முதல் நடையின் கூச்சம் எனக்கு நேர்ந்ததில்லை. எங்கள் ஊர் ரேஸ்கோர்ஸ் நடைபாதையில், ஏறத்தாழ இரண்டரைக் கிலோமீட்டர் வரும் அந்தச் சுற்றில், விடியற்காலையில் ஓடுபவர்களைவிட நடப்பவர்களே மிகுதி. புற்றுநோய் விழிப்புணர்வுக்காக 2013இல் கோவை மாரத்தான் தொடங்கிய பிறகு ஞாயிற்றுக்கிழமை ஓட்டங்கள் பெருகின; அவற்றில் குடும்பத்தோடு நடப்பதற்கென்றே வருபவர்கள் உண்டு. எனவே நடப்பது இங்கு யார் கண்ணையும் உறுத்துவதில்லை. எனக்கு வாய்த்த தொல்லை வேறு. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு ஒரு நிமிட ஓட்டம், ஒரு நிமிட நடை என்று தொடங்கிய நான், அதே கணக்கில் ஐந்து கிலோமீட்டர் ஓட்டம் ஒன்றில் இறங்கினேன். ஓட வேண்டிய நிமிடம் வரும்போதெல்லாம் முன்னால் ஐந்து பேர் கைகோத்து, சாலையை அடைத்துக்கொண்டு செல்ஃபி எடுத்தபடி நடந்தார்கள். நான் நடக்கும் நிமிடத்தில் மட்டும் சாலை காலியாகக் கிடந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வழியில் இளைஞர்கள் எங்கள் கொங்குப் பக்கத்து மேளமான ஜமாப் அடித்து உற்சாகப்படுத்தினார்கள். ஜமாப் ஒலிக்கும் இடத்தில் கடிகாரத்தின் கீச்சொலி காதில் விழாது. அதைவிட முக்கியமாக, அந்த அடிக்கு நடக்கவே முடியாது, கால் தானாக ஓடத் தொடங்கிவிடும். ஒலியை நம்பாமல் அதிர்வை வைத்துக்கொள்வது நல்லது.

தண்ணீர் மேசையில் நின்ற கல்லூரி மாணவி ஒருத்தி, நான் நடப்பதைக் கண்டவுடன் தம்ளரோடு என்னருகே ஓடிவந்து, "அக்கா, விட்டுடாதீங்க, நான் கூடவே வர்றேன்" என்றாள். இன்னும் இருபது விநாடி நடக்க வேண்டியிருக்கிறது என்று சொன்னேன். அவள் ஒரு கணம் திகைத்தாள்; பிறகு இருபதிலிருந்து கீழ்நோக்கி உரக்க எண்ணத் தொடங்கினாள். பத்து வந்தபோது மேசையில் இருந்த மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அவ்வளவு பேர் எண்ணி அனுப்பி வைத்ததால் அந்த ஒரு நிமிடம் மட்டும் வழக்கத்தைவிட வெகுவேகமாக ஓடினேன். அதற்கடுத்த நடைக்கு மூச்சு வாங்கியது.


வேளச்சேரி, சென்னை

அரை மாரத்தான் ஒன்றில் 2 மணி 45 நிமிடக் கொடியைச் சுமந்து பேசராக, அதாவது அந்த நேரத்தில் முடிக்க விரும்புபவர்களுக்கு வேகம் காட்டுபவனாக, ஓடியவன் என்ற முறையில் எழுதுகிறேன். 21.1 கிலோமீட்டரை அந்த நேரத்தில் முடிக்கச் சராசரியாகக் கிலோமீட்டருக்கு 7 நிமிடம் 49 விநாடி போதும். நான் நான்கு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று வைத்து, ஓட்டத்தை 7 நிமிடம் 10 விநாடி வேகத்தில் நடத்தினேன். தண்ணீருக்கென்று ஒன்றரை நிமிடம் கையிருப்பில் இருந்தது. தொடங்குவதற்கு முன், புதிதாக வந்திருந்த ஒருவர் என்னைத் தனியே அழைத்து, "சார், நடுவுல நடந்தா மெடல் கொடுப்பாங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். இந்தக் கேள்வியைப் பலர் மனத்தில் வைத்திருக்கிறார்கள், கேட்பவர்கள்தாம் சிலர். பிப் எண்ணின் பின்புறம் ஒட்டியிருக்கும் சிப், தரையில் விரித்த பட்டையைக் கடக்கும் நேரத்தை மட்டுமே பதிகிறது. இடையில் ஓடினோமா நடந்தோமா என்பது அதற்குத் தெரியாது. அறிவித்த நேர வரம்புக்குள் வந்து சேர்ந்தால் போதும் என்று விளக்கினேன். அவர் கடைசி வரை கொடியை விட்டு இரண்டடி விலகவில்லை.

புதியவர்களிடம் நான் வற்புறுத்துவது ஒழுங்கை. கடிகாரம் ஒலித்த அதே இடத்தில் சடாரென்று நடக்கத் தொடங்குவது, நெடுஞ்சாலையில் பின்விளக்கு எரியாமல் பிரேக் போடும் லாரிக்குச் சமம். பத்து விநாடிக்கு முன்பே கையை உயர்த்த வேண்டும். குழுவாக வந்தால் "நடை" என்று குரல் கொடுக்க வேண்டும். சாலையின் ஓரத்துக்கு வந்த பிறகே வேகத்தைக் குறைக்க வேண்டும். நடக்கும்போது இருவருக்கு மேல் பக்கம் பக்கமாகச் செல்லக் கூடாது. என் குழுவுக்கு முன்னால் ஓடிய ஒருவர் இவற்றில் எதையும் செய்யாமல் நின்றதில், பின்னால் வந்த பெண்மணி அவர் முதுகில் மோதி முழங்கையைச் சிராய்த்துக்கொண்டார். மோதப்பட்டவரே கோபித்துக்கொண்டது வேடிக்கை.

இம்முறையைப் பரப்பியவர் அமெரிக்க ஓட்டக்காரர் ஜெஃப் காலோவே. 1970இல் அட்லாண்டாவில் முதல் பீச்ட்ரீ சாலை ஓட்டத்தை வென்றவர். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடியவர். ஓட முடியாதவர்களுக்கான சலுகை இது என்று எண்ணுபவர்களுக்கு இதைச் சொல்வது என் வழக்கம். தமக்கான வேகத்தை அறிய அவர் சொன்ன வழியும் எளிது. நன்றாக உடலைச் சூடேற்றிக்கொண்டு, 400 மீட்டர் தடத்தில் நான்கு சுற்று, அதாவது ஏறத்தாழ ஒரு மைல், முழு மூச்சாக அல்லாமல் விரைவாக ஓடி நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். அதை 1.15ஆல் பெருக்கினால் பத்துக் கிலோமீட்டருக்கும், 1.2ஆல் பெருக்கினால் அரை மாரத்தானுக்கும், 1.3ஆல் பெருக்கினால் முழு மாரத்தானுக்கும் உரிய மைல் வேகம் கிடைக்கும். மைலைப் பத்து நிமிடத்தில் ஓடுபவர் பத்துக் கிலோமீட்டரைச் சுமார் 71 நிமிடத்தில் முடிக்கலாம். ஆனால் அது குளிர்ந்த காலைக்கான கணக்கு. நம் கடற்கரைப் புழுக்கத்துக்கு நான் இன்னும் சில நிமிடம் கூட்டிச் சொல்வேன்.


மதுரை

எல்லாரும் புகழ்ந்திருப்பதால், எனக்கு ஒத்துவராததையும் பதிவு செய்கிறேன். ஜெர்மானிய ஆய்வாளர்கள் 42 பேரை இரு பிரிவாக்கி மாரத்தான் ஓடவைத்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டரைக் கிலோமீட்டருக்கு ஒரு முறை ஒரு நிமிடம் நடந்தவர்கள், நிற்காமல் ஓடியவர்களை ஒட்டிய நேரத்திலேயே முடித்தார்கள், தசை வலியும் அவர்களுக்குக் குறைவாக இருந்தது என்று கண்டார்கள். அதைப் படித்துவிட்டுத்தான் நானும் தொடங்கினேன். ஆனால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை நடந்து, மறுபடி வேகமெடுக்கும் ஒவ்வொரு முறையும் என் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது. வைகைப் பாலத்தின் மேல் ஒரு பெரியவர், தாமும் அப்படித்தான் அவதிப்பட்டதாகச் சொல்லி, நடையிலிருந்து ஓட்டத்துக்கு மாறும்போது முதல் பதினைந்து விநாடி குறுகிய அடியாக வைக்கச் சொன்னார். வலி பெரும்பாலும் நின்றது. இருந்தும், சிறு சிறு இடைவெளிகள் எனக்கு எண்ணிக்கை வேலையாகவே தோன்றுகின்றன. இப்போது கிலோமீட்டர்க் கல்லைக் கண்டால் ஒரு நிமிடம் நடை, மற்ற நேரம் முழுவதும் ஓட்டம் என்று வைத்திருக்கிறேன்; கடிகாரத்தில் எதையும் பதிவதில்லை.