ஐடில் நிற்காத பழைய கார்: யாராவது வழி சொல்லுங்கள்

அண்ணன்மாரே, என்னுடையது 2003 மாடல் பெட்ரோல் கார். ஊர் மண்டபம். இன்ஜின் சூடானதும் ஐடில் (ஆக்ஸிலேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் சுற்றும் வேகம்) 600 ஆர்பிஎம்முக்கும் 1500-க்கும் ஊசலாடுகிறது. போன வாரம் பாம்பன் பாலத்தில், முன்னால் போன மீன் வண்டிக்காக ஆக்ஸிலேட்டரில் இருந்து காலை எடுத்ததுமே ஆஃப். பின்னால் ஒரே ஹாரன்.

இன்ஜினுக்குக் காற்று விடும் த்ராட்டில் பாடியில் கரி துடைத்தாயிற்று, ஐடில் வேகத்தைப் பார்த்துக்கொள்ளும் ஐடில் வால்வும் சுத்தம். த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்லும் சென்சாரின் கனெக்டரைக் கழற்றினால் பின்னெல்லாம் பச்சைக் களிம்பு. நம்ம உப்புக்காற்று சும்மா விடுமா? சுரண்டிவிட்டு மல்டிமீட்டர் வைத்தேன். த்ராட்டில் மூடியிருக்கையில் 0.5 வோல்ட், முழுக்கத் திறந்தால் 4.4. சரிதான். ஆனால் மெதுவாகத் திறக்கும்போது 1 வோல்ட் பக்கத்தில் சட்டென்று விழுந்து எழுகிறது.

சென்சாருக்குள்ளே இருக்கும் தடம் தேய்ந்துவிட்டதா, இல்லை எர்த் ஒயர் கோளாறா? மெக்கானிக் ஈசியூவையே (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) மாற்றச் சொல்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. அப்புறம், வேக்குவம் ஹோஸ் கசிவை வீட்டிலேயே பார்ப்பது எப்படி?