சூடேறினா லூப் ஆட ஆரம்பிக்குது: ஏடிசி பண்றவங்க உங்க அனுபவத்த சொல்லுங்க

மாரத்தஹள்ளி மைக்ரோவோல்ட்:

ரொம்ப நாளா எழுதணும்னு இருந்தேன், போன வாரம் எங்க டீம்ல ஒரு புதுப் பையன் நான் விழுந்த அதே குழியில விழுந்தான், அதான் உக்காந்துட்டேன். மூணாவது ஆர்டர் (மூணு இன்டக்ரேட்டர் வச்ச) கன்டின்யுவஸ் டைம் டெல்டா-சிக்மா ஏடிசி, அதாவது ஃபீட்பேக் லூப் வச்சு அனலாக் சிக்னல டிஜிட்டலா மாத்துற சர்க்யூட், நான் முழுசா தனியா பண்ண முதல் பிளாக். சிப்பு ஃபேப்ல இருந்து வந்து, ரூம் டெம்பரேச்சர்ல எஸ்என்ஆர் (சிக்னலுக்கும் நாய்ஸுக்கும் உள்ள விகிதம்) பாத்தா சிமுலேஷன விட 1 டிபி தான் கம்மி. அன்னைக்கு சாயந்தரமே மைசூர்பா வாங்கி டீம் முழுக்க குடுத்துட்டேன், அவசரக்குடுக்க.

மறுநாள் டெம்பரேச்சர் சேம்பர்ல வச்சோம். -40 டிகிரில ஓகே, 85ல ஓகே, 110ஐ தொட்டதும் அவுட்புட் மேல போய் ஒட்டிக்குது, கொஞ்ச நேரம் கழிச்சு கீழ போய் ஒட்டிக்குது, திரும்ப மேல. இன்புட்ட ஷார்ட் பண்ணி வச்சாலும் அதே ஆட்டம். அதவிடக் கொடும, 25க்கு ஆற விட்டாலும் அது திருந்தல! இன்டக்ரேட்டருக்கு (லூப்புக்குள்ள சிக்னல சேத்து வைக்கிற ஸ்டேஜ்) எல்லாம் ரிசெட் குடுத்தா தான் வழிக்கு வந்துச்சு. ஹை ஆர்டர் லூப் ஒரு தடவ தடம் புரண்டா தானா திரும்பணும்னு கட்டாயம் இல்லைன்னு படிச்சிருக்கேன், ஆனா ராத்திரி 9 மணிக்கு லேப்ல தனியா பாக்குறது வேற.

மேட்டர் இதான். இந்த டைப் ஏடிசில லூப்போட வேகம் ஆர்சிய (ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் ரெண்டையும் பெருக்கினது) வச்சு, ஆனா கிளாக் கிரிஸ்டல்ல இருந்து வருது, அது நகராது. சிப்புக்குள்ள ரெசிஸ்டர் ±20% ஓடும், கெப்பாசிட்டர் ±10, 15% ஓடும், ரெண்டும் ஒரே பக்கம் போச்சுன்னா 30%க்கு மேல. ஆர்சி பெருசானா லூப் சோம்பேறியாகும், நாய்ஸ் ஷேப்பிங் (நாய்ஸ வேண்டாத ஃப்ரீக்வென்சிக்குத் தள்ளுறது) கம்மியாகும், எஸ்என்ஆர் அடி வாங்கும், ஆனா உயிரோட இருக்கும். சின்னதானா தான் ஆபத்து, லூப் ஓவரா துள்ளும். அதுக்குத் தான் 5 பிட் கெப்பாசிட்டர் பேங்க் போட்டு பவர் ஆன் ஆனதும் கேலிப்ரேட் பண்றோம், ஒரு கோடுக்கு (பேங்க் செட்டிங்ல ஒரு படி) 2 சொச்சம் சதவீதம்.

நான் கோட்ட விட்டது என்னன்னா, கேலிப்ரேட் ஆனது 25 டிகிரில, ஓடுறது 110ல. நான் எடுத்தது ஹை ரெசிஸ்டன்ஸ் பாலி (பாலிசிலிக்கான் ரெசிஸ்டர்), டிகிரிக்கு 0.1% குறையும், 85 டிகிரி ஏறினா 8.5% போச்சு. பத்தாததுக்கு சூட்டுல கம்பேரேட்டரும் ஸ்லோ ஆகி ஃபீட்பேக் டேக் (டிஜிட்டல திரும்ப அனலாக்கா மாத்துற பிளாக்) லேட்டா வருது. அந்த டிலேவ சமாளிக்க குவான்டைசர (கம்பேரேட்டர் இருக்க பிளாக்) சுத்தி ஒரு குறுக்குப் பாத போட்டிருந்தேன், ஆனா அந்தக் கணக்கு டிப்பிக்கல் டிலேக்குப் போட்டது. ரெண்டு பிரச்சனையும் ஒரே பக்கமா தள்ளுச்சு.

கண்டுபிடிச்சது ரொம்ப சிம்பிளா தான். 110லயே வச்சு கோட 14ல இருந்து 17க்கு கையால மாத்தி ரிசெட் அடிச்சேன், கப்புனு அடங்கிடுச்சு. அப்புறம் சிப்புல இருக்க டெம்பரேச்சர் சென்சர பாத்து 20 டிகிரி மாறினா (2%, கிட்டத்தட்ட ஒரு கோடு) கன்வர்ஷன் இல்லாத கேப்ல மறுபடி கேலிப்ரேட் பண்ற மாதிரி ஃபர்ம்வேர்ல போட்டோம், ஆர்சி பெருசா இருக்க பக்கம் 2 கோடு எக்ஸ்ட்ரா. எஸ்என்ஆர் கொஞ்சம் போச்சு, மேனேஜர் ஒரு மாசம் புலம்பினாரு. அடுத்த ஸ்பின்ல (சிப்ப திருத்தி மறுபடி ஃபேப்புக்கு அனுப்பினப்ப) சூட்டுக்கு ஏறுற பாலியும் இறங்குற பாலியும் சீரிஸ்ல கலந்து போட்டோம்.

சுவிட்ச்டுகேப் சுந்தரன்:

இதுக்குத் தான் பாஸ் நான் சுவிட்ச்டு கெப்பாசிட்டர (ரெசிஸ்டருக்குப் பதிலா கெப்பாசிட்டரும் சுவிட்சும் வைக்கிற முறை) விட்டு நகர்றதே இல்ல, கெப்பாசிட்டர் ரேஷியோ மேட்ச் ஆனா போதும், 0.1% சும்மா வரும், சூடு குளிர் எல்லாம் ரேஷியோல அடிபட்டுப் போயிடும். ஆனா நானும் யோக்கியன் இல்ல. ஆப்ஆம்ப்ல டிஃபரன்ஷியல் ஃபேஸ் மார்ஜின (ரிங் ஆகாம இருக்க எவ்வளவு இடம் இருக்குன்ற அளவு) எல்லா கார்னர்லயும் (ப்ராசஸ், சூடு மாறுற எல்லைங்க) ஓட்டிட்டு காமன் மோட் ஃபீட்பேக் லூப்ப (ரெண்டு அவுட்புட்டோட சராசரிய புடிச்சு வைக்கிறது) மட்டும் டிடில (டிப்பிக்கல் கார்னர்) பாத்துட்டு விட்டுட்டேன். எஃப்எஃப் (வேகமான டிரான்சிஸ்டர் கார்னர்), -40ல மொபிலிட்டி ஏறி ஜிஎம் (டிரான்சிஸ்டரோட கெயின் அளவு) ஏறி அது மட்டும் தனியா ரிங் ஆகுது. அவுட்புட்ல டிஃபரன்ஸ் எடுத்தா பாதி மறைஞ்சிடும், ரெண்டு பின்னையும் தனித்தனியா ஸ்கோப்ல வச்ச அன்னைக்கு தான் தெரிஞ்சுது.

டெஸ்ட்பெஞ்ச் தேவி:

டிசைன்காரங்க எல்லாம் 110, 125ன்னு அடிச்சு விடுறீங்க, அது எங்க அளந்தது? சேம்பர் காட்டுறது காத்தோட சூடு. பவர் இழுக்குற சிப்புல டை (உள்ள இருக்க சிலிக்கான் துண்டு) அதுக்கு மேல பத்து பதினஞ்சு டிகிரி இருக்கும். ஒரு தடவ "உங்க ஏடிசி ஸ்பெக்குக்குள்ளயே ஃபெயில்"னு பெரிய சண்ட, பாத்தா டை எப்பவோ ஸ்பெக்க தாண்டிடுச்சு. அப்புறம் கோல்டுல ஃப்ரீசர் ஸ்ப்ரே அடிச்சு டீபக் பண்ற தம்பிங்களுக்கு: பெங்களூர் எஸ்பி ரோட்ல வாங்குற அந்த டப்பா அவசரத்துக்கு ஓகே, ஆனா போர்டு மேல தண்ணி கோக்கும், ரெஃபரன்ஸ் பின்ல லீக்கேஜ் வரும், நீங்க லூப்ப திட்டிட்டு இருப்பீங்க. நான் ரெண்டு நாள் திட்டினேன்.

புதுசா_சேர்ந்தவன்:

அண்ணா ஒரு டவுட்டு, ஃபேக்டரில ஒவ்வொரு சிப்புக்கும் ஒரு தடவ டிரிம் பண்ணி (சரிக்கட்டி) ஃப்யூஸ்ல (சிப்புக்குள்ள அழியாத மெமரி) எழுதிட்டா பத்தாதா? டெஸ்ட் டைம் காசுன்றாங்களே.

மாரத்தஹள்ளி மைக்ரோவோல்ட்:

தம்பி, அது ப்ராசஸ் வேரியேஷனுக்கு ஆச்சு, சிப்புக்கு சிப்பு மாறுறத எடுத்துடும். சூடு அன்னன்னைக்கு மாறுறது. எங்கம்மா மதுரைல இருந்து போன்ல சொல்ற கணக்குக்கு நான் டிசம்பர்ல இங்க இட்லி மாவு கரைச்சு வச்சா காலைல புளிக்காம அப்படியே கல்லு மாதிரி இருக்கும், அளவெல்லாம் அவங்க சொன்னது தான், கிச்சன் குளிரு தான் வேற. டிரிம்மும் வை, சூட்டுக்கும் பாரு. முதல்ல உன் பிடிகேல (ஃபேப் குடுக்குற டிசைன் ஃபைல்ஸ்) ரெசிஸ்டரோட டெம்ப்கோ (சூட்டுக்கு எவ்வளவு மாறும்ன்றது) எந்த சைன்னு பாத்துட்டு வா, ப்ளஸ்ஸுன்னா உனக்கு ஆபத்து -40 பக்கம்.

தேவி மேடம், நீங்க சொன்னதுக்கப்புறம் பழைய டேட்டாவ எடுத்துப் பாத்தேன். சென்சர் ரீடிங் 121. அந்த 8.5%ம் தப்பு தான்.